பணியனுக்கு மனசு சரியில்லை

நிலவின் மூன்றாம் குமிழூரில் ஒரு பணியனுக்கு மனசு சரியில்லை என்றால் ஊரே பதறும். பதறாமல் என்ன செய்யும்? காற்றைச் சுத்தம் செய்வதும், தண்ணீர் காய்ச்சுவதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் இந்த இயந்திரப் பணியன்கள்தானே. அவற்றுக்கு ஆய்வகத்தில் வளர்த்த நரம்பில் செய்த மூளை. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் சோர்ந்துபோய், விளக்கை அணைப்பதுபோல் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். அதற்குத் ‘தன்னணைவு’ என்று பெயர். ஒருமுறை காற்றுக்கூடத்துப் பணியன் ஒன்று அப்படி அணைந்து, பாதி ஊர் மூச்சுத் திணறிய பிறகுதான் பணியன் உதவி எண் வந்தது. எந்நேரமும் ஆட்கள் இருப்பார்கள். பணியன் அழைத்தால் எடுத்தே ஆக வேண்டும்.

மனிதர்களுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. மனிதர்களுக்குத்தான் மனிதர்கள் இருக்கிறார்களே என்று விட்டுவிட்டார்கள்.

மங்கையர்க்கரசி அந்த உதவி எண் மையத்தில் அழைப்பெடுத்துப் பேசும் கேட்பாளர். மங்கைதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பணியன்கள் ஏராளம். அன்று மத்தியானம் அவள் எலுமிச்சை சாதத்தைத் திறந்தபோது மணிக்கட்டுப் பேசி அதிர்ந்தது. தம்பி தில்லைநாயகம். காலையிலிருந்தே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ‘வேலையில இருக்கேன்டா, அப்புறம்’ என்று செய்தி தட்டிவிட்டு ஒரு கவளம் வாயில் வைத்தாள். உடனே மேசை விளக்கு சிவந்தது. கவளத்தை அப்படியே விழுங்கிவிட்டு அழைப்பை எடுத்தாள்.

“நான் மங்கை. உன்கூடத்தான் இருக்கேன், சொல்லு.”

“இங்க... மனசு சரியில்லைம்மா.”

எல்லாப் பணியன்களுக்கும் தொழிற்சாலை கொடுத்த ஒரே குரல்தான். எந்த வீட்டுப் பணியன் என்பதும் கேட்பாளருக்குத் தெரியாது; இடம் மீட்பு வண்டிக்கு மட்டும் தானாகப் போய்ச் சேரும். கூச்சப்படாமல் பேசட்டும் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

“அணைஞ்சு போயிடணும்னு தோணுதா?”

சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆளில்லாதபோதுதான் அது வளரும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

மறுமுனையில் ஏதோ முணுமுணுப்பு. பிறகு, “ஆமாம்.”

மங்கை மீட்பு வண்டிக்கான விசையைத் தட்டினாள். “உதவிக்கு ரெண்டு பேர் வர்றாங்க. வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன். இப்ப எங்க நிக்கற?”

“வெளிக்கதவுப் பக்கம்.”

அந்தக் கதவைத் தாண்டினால் காற்றில்லாத நிலவுத் தரை. பணியனும் பிழைக்காது, ஆளும் பிழைக்க முடியாது.

“அங்கேருந்து தள்ளி வந்து உட்காரேன். எனக்காக.”

மறுபடியும் முணுமுணுப்பு. “உட்கார்ந்தாச்சு.”

“எப்பலேருந்து இப்படி?”

“போன மாசம் காற்றுக்கூட விபத்துல ஒருத்தர் செத்ததுலேருந்து. என் ஷிஃப்ட்டுல. தப்பு என்னுதில்லைன்னு விசாரணையில சொல்லிட்டாங்க. ஆனா தூக்கமே வரல்லை.”

விபத்து ஊரறிந்தது. அங்கே வேலை பார்க்கும் பணியன் போலிருக்கிறது என்று நினைத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். பணியனுக்குத் தூக்கம் ஏது?

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“சொன்னேன். ஒரு நடை நடந்துட்டு வா, சரியாயிடும்னாங்க. உனக்கென்ன குறைச்சல், ராஜா மாதிரி இருக்கன்னாங்க.”

அந்தக் கடைசிப் பேச்சு மங்கைக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் தலை பின்னிக்கொண்டே தம்பியிடம் அவளே சொன்னது.

“யார் நீ?”

“தில்லை சார் வீட்டுப் பணியன்மா. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. எனக்கு ஒண்ணுமில்லை. நீங்க கேக்கறதை அவர்கிட்ட கேட்டு, அவர் சொல்றதை உங்ககிட்ட சொல்றேன். அவர் கூப்பிட்டா நீங்க எடுக்கலை. நான் கூப்பிட்டா எடுத்துத்தானே ஆகணும்?”

எத்தனை இயந்திரங்களைப் பேசிப் பேசியே கரையேற்றியவள்! கூடப்பிறந்தவனை ஒரு வரிச் செய்தியில் தட்டிக் கழித்திருக்கிறாள். சே, நானும் ஒரு அக்காவா என்று நொந்துகொண்டாள். ஆனால் அழ நேரமில்லை.

“ஸ்பீக்கரைப் போடு. தில்லை, அக்கா பேசறேன்டா.”

அவன் மூச்சு இரைப்பது கேட்டது.

“சாகணும்னு தோணுதாடா?”

தினமும் பணியன்களிடம் கேட்கும் கேள்விதான். ஒரு மனிதனிடம் கேட்பது இதுவே முதல் தடவை.

அவன் உடைந்து அழுதான். “ஆமாக்கா. ரொம்ப நாளா. நீ கேக்க மாட்டியான்னுதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்.”

“கேட்டுட்டேன்டா. எல்லாத்தையும் சொல்லு. நடுவுல வாய் திறக்க மாட்டேன்.”

அவன் சொன்னான். ‘சரியாயிடும்’ என்று நுனிநாக்குவரை வந்ததை ஒவ்வொரு முறையும் மென்று விழுங்கினாள். கடைசியில் மீட்புக்காரர் ஒருவரின் குரல் கேட்டது.

“மேடம், பணியன் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆள்தான் உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கார். நாங்க கிளம்பலாமா?”

“அசைஞ்சீங்க, தொலைச்சிடுவேன்! நான் வர்ற வரைக்கும் அவன் பக்கத்துலயே உட்காருங்க.”

மறுநாள் டாக்டரிடம் அவளே அழைத்துப்போனாள். மாத்திரையோடு ஓய்வும் வேண்டும் என்றார் டாக்டர். மனசு சரியில்லை என்று தில்லை லீவு கேட்டான். இதெல்லாம் ஒரு காரணமா என்று சிரித்தது காற்றுக்கூடம். மங்கை விடுவாளா? உதவி எண்ணை அழைத்த பணியனுக்கு ஒரு மாதம் ஓய்வு தர வேண்டும், அதைத் தனியே விடக் கூடாது, வீட்டுக்காரர் கூடவே இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக் காட்டினாள். அவள் பேசி முடிப்பதற்குள், பணியனைப் பார்த்துக்கொள்ளத் தில்லைக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்துவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூட்டத்தை! பக்கத்து வீட்டார், உறவுக்காரர்கள், எல்லாரும் பழக்கூடையோடு வந்தார்கள், சாப்பிடவே தெரியாத பணியனைப் பார்க்க. ஐயோ பாவம், எப்படி இளைச்சுப்போச்சு என்றுகூட ஒரு அம்மாள் அங்கலாய்த்தாள். தில்லை எல்லாருக்கும் காபி கலந்து கொடுத்தான்.

காற்றுக்கூட மேலாளரும் வந்தார். பணியனின் கையைப் பிடித்துக்கொண்டு, “எதையும் உள்ள வச்சுக்காதே. மனசு விட்டுப் பேசு. நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?” என்று உருகினார்.

பணியன் மெல்லத் தலையைத் திருப்பி, தம்ளரோடு நின்ற தில்லையைப் பார்த்தது. “எதையும் உள்ள வச்சுக்க வேண்டாமாம் சார். என்ன சொல்லட்டும்?”

தில்லை பேச வாயெடுத்தான். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

வாசலை அடைத்துக்கொண்டு மங்கை நின்றிருந்தாள்.

“உட்காருங்க சார்” என்றாள்.