எரிக்காமல் வைத்த கொடிகள்

எறும்புகள் திராட்சைக் கொடியில் ஏறுவது புதிதல்ல. மாவுப்பூச்சி இருக்கிறவரை, அது கசியவிடும் இனிப்புக்காக ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அன்று மாலை அவை அடித்தண்டைச் சீந்தாமல் பந்தலுக்குக் கீழே வரிசையாக ஊர்ந்து, பின்வாசல் படியேறி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. வீட்டுப் பெரியவர் மருந்து தெளிக்கும் கைப்பம்பைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தார். மழைமேகம் வானத்தை அடைத்திருந்தது. பந்தலில் ஓர் இலைகூட அசையவில்லை.

வீட்டுக்குள் இருந்தது அவர் மனைவி மட்டும்தான்.

அந்தக் கொடி அவர் தகப்பனார் நட்டது. பருவத்தின் முதல் குலைகள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும். திராட்சை வீடு என்று எழுதினாலே தபால் வந்து சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட கொடியின் கணுக்களில் இந்தப் பருவம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல வெள்ளை படிந்தது. குலைகள் பிசுபிசுத்துக் கரி அப்பியது போல் கறுத்தன. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நோய்ப்பட்ட கிளைகளை வெட்டி, தண்டில் தளர்ந்த பட்டையை உரித்து, எல்லாவற்றையும் உடனே எரித்துவிட வேண்டும். அவர் வெட்டினார். மனைவி பட்டையை உரித்தாள். எரிக்கத்தான் இல்லை. புகை கிளம்பினால், திராட்சை வீட்டில் என்ன எரிகிறது என்று தெரு கேட்குமே. எல்லாவற்றையும் சாக்குகளில் திணித்து, படுக்கையறையை ஒட்டிய சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்.

"உங்க அப்பா வச்ச கொடிக்கு நோய்னு வெளிய தெரியக் கூடாது, சரி. அதுக்காகப் படுக்கிற இடத்துக்குப் பக்கத்துலயா கொண்டாந்து வைப்பீங்க?" என்றாள் மனைவி. "என்னையும் ஒரு சாக்குல போட்டுக் கட்டிடுங்க, வேலை முடிஞ்சுது."

"கொஞ்சம் பொறு. ஆள் நடமாட்டம் இல்லாதப்போ வெளிய கொண்டு போயிடலாம்."

அந்த நேரம் வாய்க்கவேயில்லை. ஒரு காலை அவள் முழங்கை மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கொடிக்குச் செய்வது போலவே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டார். போய்விட்டது. மறுநாள் காதுமடலுக்குப் பின்னால் வந்தது. பிறகு விரலிடுக்குகளில். தலையணை உறை பிசுபிசுத்தது. அவள் குடித்து வைத்த டம்ளர் விரலில் ஒட்டியது. அழுகத் தொடங்கும் பழத்தின் இனிப்பு வாடை அறையின் திரைச்சீலையிலும் அவர் சட்டையிலும் ஏறி, எத்தனை முறை துவைத்தாலும் இறங்க மறுத்தது.

"டாக்டர்கிட்ட போகலாங்க."

"எங்கேருந்து தொத்துச்சுன்னு கேப்பாரு. என்னன்னு சொல்றது?"

"உங்க கொடிகிட்டேருந்துன்னு சொல்லுங்க. இந்த வீட்ல எனக்கு மூத்தாள் அதுதானே." சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

இன்று எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றபோதே பக்கவாட்டுக் கேட் கிறீச்சிட்டது. முனை வீட்டுத் தையற்காரி வந்தாள். அவளுக்குப் பின்னால் தோட்டக்கலை அதிகாரி.

"பெரியவரே, எங்க வீட்டுக் கொடி மொத்தமும் போச்சு. இங்கேருந்துதான் வருதுன்னு நான் சொல்றேன். இல்லன்னா நீங்களே சாருக்குச் சொல்லிடுங்க."

அதிகாரி பணிவாகத்தான் பேசினார். "ஐயா, வெட்டின கழிவு வீட்ல இருந்தா நாங்களே எடுத்துட்டுப் போறோம். அப்புறம், வீட்ல யாருக்காவது தோல்ல வெள்ளையா ஏதாவது வந்திருக்கா? இந்தத் தடவை பூச்சி ஒரு மாதிரியா இருக்கு. ஒருத்தர ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. சீக்கிரம் சொன்னா காப்பாத்திடலாம்."

அதிகாரியின் தோளுக்கு மேல், பெரியவருக்குப் படுக்கையறை ஜன்னல் தெரிந்தது. பாதி சாத்திய கதவின் இடைவெளியில் சில விரல்கள் வந்து கம்பியைப் பற்றின.

"என்னங்க..."

"அக்கா கூப்பிடுறாங்க போல," என்றாள் தையற்காரி.

பெரியவர் நகர்ந்து ஜன்னலை மறைத்து நின்றார். முதுகு நிமிர்ந்தது. "தூக்கத்துல புலம்புறா. எங்க வீட்ல யாருக்கும் ஒன்னும் கிடையாது. வெட்டினத அன்னைக்கே எரிச்சாச்சு."

"எரிச்சீங்களா? புகையே காணோமே! உங்க வீட்டு நெருப்புக்கும் அவ்வளவு கௌரவமா?"

"என் வாசல்ல நின்னு என்னப் பொய்யன்னு சொல்றியா?"

தையற்காரி ஓரடி பின்வாங்கினாள். அதிகாரி பந்தலை அண்ணாந்து பார்த்தார். ஒட்ட வெட்டிய கொடி. பட்டை உரித்த சுத்தமான தண்டு. "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கேட் சாத்தும் ஓசை கேட்டது. அந்த ஒரு கணம் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு உள்ளே போனார். எறும்பு வரிசை கூடவே வந்தது. கூடத்தைத் தாண்டியது. படுக்கையறைக்குள் நுழைந்தது.

சாமான் அறைப் பூட்டு அப்படியே தொங்கியது. கதவின் அடியிலிருந்து வெளிச்சமே காணாத வெளுத்த தளிர்கள் நீண்டு, தரையில் படர்ந்து, கட்டில் காலைச் சுற்றியிருந்தன.

கட்டில் காலி.

அவள் ஜன்னலோரம் நின்றாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கம்பியைப் பிடித்த விரல்கள் கம்பியைச் சுற்றியிருந்தன. ஒரு சுற்று இல்லை. பல சுற்று. நுனிகள் நூலாக மெலிந்து சுருண்டிருந்தன.

பின்கழுத்தில் தோல் தளர்ந்து, ஓரம் தூக்கி நின்றது. எறும்புகள் அதற்கு அடியில் போயின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"வந்துட்டீங்களா." அவளுடைய குரல்தான். களைத்த, பழகிய குரல். "ரொம்ப அரிக்குதுங்க. உரிச்சு விடுங்க."

தெருவில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள்.

அவர் முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

பிறகு அந்த ஓரத்தைப் பிடித்தார். இழுத்தார். சிரமமில்லாமல் வந்தது, இடுப்புவரை, ஒரே துண்டாக. ரத்தம் இல்லை. வெள்ளை. இடம் விடாமல் அடைந்த வெள்ளை. மெல்ல அசைந்தது.

"அப்பாடா," என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம்."