குழியிலிருந்து வந்த குரல்

லிப்ட் மேஸ்திரி "அந்த... அந்த..." என்று கையை நீட்டித் திணறியபோது, "ஸ்பானர்" என்று எடுத்துக் கொடுத்தது மருமகன் இல்லை. அவன் சாப்பிடப் போயிருந்தான். ஆளில்லாத லிப்ட் குழியிலிருந்து, எண்ணெய் வாடையோடு, மேஸ்திரியின் சொந்தக் குரலே வந்தது.

பயந்தார்தான். வெளியே சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே பழகின பேர்களெல்லாம் தொண்டைவரை வந்து நின்று கழுத்தறுத்தன. வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதான் என்றார் டாக்டர். மைத்துனன் விடுவானா? இவர் இடத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தவன், அத்தானுக்கு மண்டை காலி என்று முதலாளி காதில் ஓதிக்கொண்டே இருந்தான். அந்தக் கடன்காரனிடம் மாட்டுவதைவிட இந்தக் குரல் தேவலை என்று அதை வைத்தே காலத்தை ஓட்டினார்.

இன்று மருமகன், மாசமாயிருக்கும் மகளின் புருஷன், குழிக்குள் இறங்கித் துடைத்துக்கொண்டிருந்தான். லிப்ட் அவன் தலைக்கு மேலே இரண்டாம் மாடியில் தொங்கியது. மேஸ்திரி தரைத்தளத்தில், திறந்த கதவோரம். மைத்துனன் உச்சியில், மோட்டார் அறையில். அங்கிருந்து அவனுக்கு எதுவும் தெரியாது. மேஸ்திரி கத்துகிற வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்துவான். அதுதான் அவர்கள் வழக்கம்.

வெளிச்சம் பத்தவில்லை, லிப்டை இன்னும் உயர்த்தச் சொல்லுங்கள் என்றான் மருமகன். சுவரில் கசிந்த ஈரம் எங்கோ சொட்டிக்கொண்டிருக்க, கிரீஸ் நாற்றம் மூக்கில் ஏற, கம்பிக் கயிறுகளின் நிழல் மருமகன் முதுகில் மெல்ல ஆட, மேஸ்திரி வாயைத் திறந்தார். வார்த்தை இல்லை.

"கீழே," என்றது குழிக்குள் அவர் குரல்.

"கீழே," என்று மைத்துனன் திருப்பிச் சொன்னான். மோட்டார் உறுமியது.

நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. நாக்கு புரண்டது. வரவில்லை. "அ... அ..." என்று அலறினார்.

மேலே சிரிப்பு. "என்ன அத்தான், வார்த்தை வரலியா?"

"மாமா, லிப்ட் இறங்குதே?"

கையை நீட்டினார். மருமகன் பிடிக்க வந்தான்.

"ஒண்ணுமில்லப்பா. குனிஞ்சுக்கோ," என்றது குழிக்குள் அவர் குரல்.

மாமா சொன்னால் சரிதான். குனிந்தான். கை நழுவியது.

லிப்டின் அடிப்பாகம் அவர் கண்ணைத் தாண்டி இறங்கியது. மிச்ச இடைவெளியில், மருமகனின் தோளுக்குப் பின்னால், இருட்டில் ஒரு வாய். அவருடைய தங்கப்பல்லோடு.

"இன்னும் கீழே," என்றது.

மைத்துனன் திருப்பிச் சொன்னான்.