மனிதர்: பூஜ்யம்

திரையில் 'மனிதர்' என்ற வரிக்கு நேரே பூஜ்யம் இருந்தது.

அவளுக்கு அது உறுத்தியது. மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படித்து முழு மரபணுத் தொகுதியையும் கோர்ப்பதுதான் பத்து வருடமாக அவள் பிழைப்பு. எவ்வளவு பொத்திப் பொத்திச் செய்தாலும் உதிர்ந்த தோல் துகளோ, பேசும்போது தெறித்த எச்சிலோ டியூபுக்குள் போய்ச் சேர்ந்து, லட்சம் துண்டுகளில் ஐம்பது, நூறு மனித டிஎன்ஏவாக வந்து நிற்கும். கணினி அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். அந்தக் குப்பை இல்லாத ஒரு முடிவை அவள் பார்த்ததே கிடையாது.

"என்ன சுத்தம்மா உன் வேலை," என்றார் ஆய்வகத் தலைவர், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.

வெளியே வெயில் கொளுத்தியது. அறைக்குள் மட்டும் மழை விழுந்த மண்ணின் வாசனை, குளிர்பதனப் பெட்டியின் உறுமலுக்குக் கீழே, மருந்து நெடிக்கும் கீழே, லேசாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. வெள்ளை நூல் நூலாக வளரும் அந்தக் கிருமியின் வாசனை அது. வளர்ப்புத் தட்டின் மூடியைத் திறந்து முகரக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுப்பவள் அவள்தான். ஆனாலும் இந்த வகை வந்தால் ஆய்வகத்தில் எல்லோரும் திருட்டுத்தனமாக ஒரு தடவை முகர்ந்து பார்ப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன் அவளும் முகர்ந்தாள், ஆழமாக, கண்ணை மூடிக்கொண்டு.

பூஜ்யம் வந்த அன்றிரவு படுக்கையில் மகள் மூக்கைச் சுருக்கினாள். ஏழு வயது, வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். ஆடிக்கொண்டிருந்த முன்பல்லை நாக்கால் நெம்பியபடியே சொன்னாள்: "அம்மா, உன்மேல மண்ணு வாசனை வருது. தள்ளிப் படு."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் காலைத் தூக்கி அவள்மேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் ஆய்வகத்தில் அவள் கையுறை இல்லாமல் வெறும் விரலை டியூபுக்குள் விட்டுக் கலக்கினாள். பூஜ்யம். பஞ்சுக் குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி வைத்தாள். பக்கத்தில், 'ஒரு சோதனைக்கு' என்று கேட்டு வாங்கிய தலைவரின் எச்சில். சாயங்காலம் முடிவு வந்தது. தலைவருடையதில் மனிதர் தொண்ணூற்றெட்டு சதவீதம். அவளுடையதில் மண் பாக்டீரியா நூறு. மனிதர் பூஜ்யம்.

"டியூப மாத்தி வெச்சிருப்ப," என்று சிரித்தார் அவர். "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நல்லா தூங்கு."

கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு ஊசியால் விரல் நுனியைக் குத்தினாள். வலித்தது. ரத்தம் வரவில்லை. கலங்கிய நீர் ஒரு சொட்டு வந்தது, மழை வாசனையோடு. அவள் பயந்தாள். தனக்காக அல்ல. வாலுவின் கால் தன்மேல் கிடந்தது ஞாபகம் வந்தது.

பல்லைப் பார்ப்பதாகச் சொல்லி வாலுவின் கன்னத்தைச் சுரண்டினாள். மனிதர் தொண்ணூற்றெட்டு. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அன்றிலிருந்து தனித் தட்டு, தனித் துண்டு, கூடத்தில் தனிப் பாய். வாலு கட்டிக்கொள்ள ஓடி வந்தால் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை நின்று மூச்சு விடுவது கேட்கும். பிறகு காலடிச் சத்தம் மெல்லத் தள்ளிப் போகும்.

"புள்ள ஏங்கிப் போயிட்டா," என்றான் கணவன். "உனக்கு என்னதான் ஆச்சு?"

சொன்னாள். அவன் எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், காய்ச்சல் இருக்கிறதா என்று.

மூன்றாம் நாள் விடியலில் கண் விழித்தபோது கழுத்தைச் சுற்றி ஒரு சின்னக் கை. எப்போது வந்து படுத்தாளோ. வாய் திறந்து, அவள் மூச்சின்மேல் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று வாலுவின் குச்சியில் மனிதர் எழுபத்தொன்று.

மறுநாள் முப்பது.

அடுத்த நாள் குச்சியை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு அவள் நாற்காலியிலேயே இருந்தாள். மின்விசிறி சுற்றியது. எண்கள் ஏறின. பாக்டீரியாவின் வரியில் மட்டும் ஏறின. அவள் திரையை அணைக்கவில்லை. பையை எடுக்கவில்லை. ஓடினாள்.

மாடிப்படி. நாலு மணி வெயில். வீட்டுக் கதவு. மணியைத் தொடுமுன் கதவு திறந்தது.

"அம்மா, பல்லு விழுந்துடுச்சு."

"ரத்தம் வந்துச்சா?"

"இல்லையே."

வாலு இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விலக்கக் கை எழவில்லை. இனி விலக்கி என்ன. வயிற்றில் மூக்கைப் புதைத்து, இழுத்து முகர்ந்தாள் குழந்தை.

"இப்ப உன்மேல அந்த வாசனையே வரலம்மா."

முகத்தை நிமிர்த்தினாள். பல் போன இடத்தைக் காட்ட வாயைப் பெரிதாகத் திறந்தாள்.

சிவப்பே இல்லை. கறுப்பு. ஈரமான கறுப்பு. அதிலிருந்து மெல்லிய வெள்ளை நூல் ஒன்று எழுந்து, அம்மாவின் மூச்சு பட்ட பக்கமாகச் சாய்ந்தது.