துப்பிய டீயில் படிந்த ஆடை

திங்கள்கிழமை காலை ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும் விஞ்ஞானி செலங்காட்டின் மூக்கில் ஏறியது புளித்த டீயின் வாடை அல்ல, இரண்டு நாள் பல் துலக்காத வாயின் வாடை. தேயிலை ஊரான கெரிச்சோவின் மழை ஜன்னலில் சரசரத்துக்கொண்டிருக்க, கொம்புச்சா என்னும் புளித்த டீ ஊறும் ஜாடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனாள். ஜாடிகள் சுத்தமாகத்தான் இருந்தன. வாடை மூலையில் கிடந்த எச்சில் வாளியிலிருந்து வந்தது.

வெள்ளிக்கிழமை புது கொம்புச்சாவை ருசி பார்த்த சிகெய் துப்பிய வாளி அது. அதன்மேல் விரல் தடிமனுக்கு ஆடை படிந்திருந்தது. வெளுத்து, வழவழத்து, தொட்டால் வெதுவெதுப்பாக. அருவருப்பில் அவளுக்கு உடம்பு கூசியது.

சர்க்கரையே இல்லாமல் டீயைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா வேண்டுமென்று மூன்று வருடம் அதன் மரபணுவை மாற்றி வளர்த்தவள் அவள்தான். சர்க்கரை இல்லாவிட்டால் அது எதைத் தின்னும் என்று நின்று யோசிக்கப் பொறுமையில்லை. ஆசை யாரை விட்டது.

கதவருகே சிகெய் வந்து நின்றார். முப்பது வருடமாக டீ ருசி பார்க்கிற மனிதர், வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

"என்னண்ணே, பல்வலியா?"

"நாக்குல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு டாக்டரம்மா. சுரண்டினா உரிஞ்சு வருது. கொஞ்ச நேரத்துல மறுபடி படிஞ்சிடுது."

கைக்குட்டையை எடுத்தார். நாக்கின்மேல் பாலாடைபோல் ஒரு தோல். ஓரம் சுருண்டிருந்தது.

"நான் துப்பினவன், நாக்கோட போச்சு," என்றார் மெதுவாக. "நீங்க அன்னிக்கு, 'துப்புறதெல்லாம் உங்க பொழப்புண்ணே, எனக்கு முழு கிளாஸ் வேணும்'னு சொல்லிக் குடிச்சீங்களே."

 இரண்டு நாளாகப் பசியே எடுக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. குழாயடிக்கு ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டாள். குமட்டியது. விரல் நுனியில் வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது.

பிடித்து இழுத்தாள்.

வந்தது. புளிப்பு. உடம்புச் சூடு. ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. இன்னும் வந்தது. அடிவயிற்றில் எங்கோ சுருக்கென்று இழுத்தது.

"இழுக்காதீங்கம்மா," என்றார் சிகெய்.

அவள் இழுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். விரல்களுக்கு நடுவே அந்த ஆடை மெதுவாக வழுக்கி, அவள் வாய்க்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.