மீன் முறைத்த பக்கம்

ஃபைட்டர் மீன் என்றால் முறைக்கத்தான் செய்யும். ஆனால் நந்திதா வீட்டு மீன், ஒன்றுமே இல்லாத பக்கத்தைப் பார்த்து முறைத்தது. போத்தனூரில் தண்டவாளத்தை ஒட்டிய அந்த வீட்டில், ரயில் போகும்போதெல்லாம் ஹாலில் இருந்த கண்ணாடித் தொட்டியின் தண்ணீர் நடுங்கும். மீன் அதைச் சட்டை செய்யாது. வாசற்கதவின் பக்கம் மட்டும் திரும்பி, செவுள்களைக் கறுப்புக் காலர் மாதிரி தூக்கிக்கொண்டு, நீலத் துடுப்புகளை விரித்து, கண்ணாடியில் டக் டக்கென்று மோதும். கதவு சாத்தியே இருக்கும். அங்கே செருப்பு ஸ்டாண்டைத் தவிர எதுவும் கிடையாது.

மகள் எழில் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய மீன் அது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். மூச்சுப் பட்டு ஒரு வட்டம் மங்கும், நந்திதா திட்டிக்கொண்டே துடைப்பாள். கணவன் சபரீஷ் கருமத்தம்பட்டித் தறியிலிருந்து வர இருட்டிவிடும். அதுவரை அம்மாவும் மகளும் அந்த டக் டக்கும்தான்.

கோட்டைமேட்டில் மீன் கடை வைத்திருந்த சுஃப்யான் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“தன்னோட உருவத்தையே கண்ணாடில பாத்துட்டு வேற மீனுன்னு நெனைச்சுக்குதுங்க்கா. அந்தப் பக்கம் அடர்த்தியா செடி வெச்சுப்போடுங்க, அடங்கிரும். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாங்க, வாலைக் கிழிச்சுப்போடும்.”

நந்திதா மகளுக்குத் துணி எடுப்பதைவிடப் பொறுமையாகச் செடி எடுத்தாள். முரடாக இருக்கக் கூடாதென்று ஒவ்வொரு இலையையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். வெற்றிலை அகலத்துக்கு இலை விட்ட அனுபியாஸ். மீன் அதன்மேல் படுத்துத் தூங்குமாம். இடைவெளியை அடைக்க வேலம்பாசி. வீட்டுக்கு வந்ததும் வாசல் பக்கக் கண்ணாடியை முழுக்க மறைத்தாள்.

மறுநாள் மீன் சோபாவைப் பார்த்து முறைத்தது.

உருவம் தெரிந்தால்தானே என்று தொட்டி விளக்கை அணைத்துப் பார்த்தாள். முறைப்பு நிற்கவில்லை. காலியான சோபாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நடக்கிற ஆளை விடாமல் பார்ப்பது போல, மீன் மெல்லத் திரும்பிக்கொண்டே போனது.  அது எதையோ பார்க்கிறது என்று நந்திதாவுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் கோட்டைமேட்டுக்குப் போனாள்.

ஜாவா ஃபெர்ன் செடி வந்தது. சோபா பக்கம் மறைந்தது. மீன் எழில் படிக்கும் மேசையைப் பார்த்துத் திரும்பியது.

“மறைக்க வேண்டாங்ம்மா,” என்று எழில் அழுதாள். “எனக்கு மீனு தெரியணும்.”

“சும்மா இரு கண்ணு. அது பயந்துக்குது.”

பயந்தது யார் என்று நந்திதாவுக்கே தெரியும். அந்தப் பக்கத்தையும் வேலம்பாசியால் அடைத்தாள். பின்னால் சுவர், மற்ற மூன்று பக்கமும் பச்சை. டக் டக் நின்றது.

வீடு அமைதியாகிவிட்டது. எழிலும் அமைதியாகிவிட்டாள். சொன்னதும் படித்தாள், சொன்னதும் படுத்தாள், தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் தின்றாள். தொட்டிப் பக்கமே போகவில்லை. “புள்ளை தங்கமா மாறிப்போச்சு,” என்று சபரீஷ் பூரித்துப்போனான். நந்திதா நிம்மதியாகத் தூங்கினாள். பெற்றவள்தான், தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அழுகிய இலைகளை வெட்டக் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்தாள். கை முழுக்கப் பாசி வாடை. மேசைப் பக்கத்து வேலம்பாசி கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி வெளியே தெரிந்தது.

டக்.

செவுள்கள் எழுந்திருந்தன. மேசையில் எழில் எழுதிக்கொண்டிருந்தாள்.

“எழில்... இங்க வா கண்ணு.”

அவள் எழுந்தாள். மீன் திரும்பியது. அவள் நடந்தாள். மீனும் கூடவே.

டக். டக். டக்.

கத்தரிக்கோல் தண்ணீருக்குள் விழுந்தது.

எழில் குனிந்து, பழையபடி மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினாள். மீன் விரித்ததையெல்லாம் சட்டென்று மடக்கிக்கொண்டது. அனுபியாஸ் இலைக்கு அடியில் போய் ஒடுங்கியது.

நந்திதா அந்த மூக்கின் அடியையே பார்த்தாள். மூச்சுப் பட்டு மங்கும். இப்போது மங்கும். ரயில் ஒன்று வந்தது. கடைசிப் பெட்டி வரைக்கும் போய் முடிந்தது. கண்ணாடி துடைத்து வைத்தபடியே இருந்தது.

“அம்மா,” என்றாள் எழில், மூக்கை எடுக்காமல். “இந்தப் பக்கம் திரும்பவும் செடி வெச்சுப்போடுங்க.”