அகத்திக்கீரை நாட்கள்

ஆரியசாலையில் ஒரு மொத்த வெல்லக் கடைக்கு மேலே இருக்கிறது செண்பகவல்லியின் துப்பறியும் அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் வெல்லம் என்ன விலை என்று கேட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை வந்த ராஜஸ்ரீ விலை கேட்கவில்லை. நாற்காலியில் உட்காருவதற்குள் அழுதுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை என் அம்மாவை மாடியில பூட்டின வார்டுக்கு மாத்தறா, மேடம். அங்கே போனா மாசத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க விடுவா. அம்மாவுக்கு ஞாபகமே போயிடுத்துன்னு அந்த முதியோர் இல்லத்துக்காரா சொல்றா. மஸ்கட்ல இருக்கற என் தம்பி ஹரிஷங்கரும் போன்லயே சரின்னுட்டான். எனக்கு மட்டும் நம்பிக்கை வரலை."

செண்பகவல்லி முப்பது வருஷம் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். பொய்சாட்சிகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவள். அவசரப்படுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. அந்த வேலையை அவளுடைய உதவியாளர் மகாராஜா பார்த்துக்கொள்வார். ஐம்பது வயது, சொந்த ஆட்டோ, எந்த வழக்கையும் கேட்ட மாத்திரத்தில் முடித்துவிடுகிற சாமர்த்தியம்.

"ஏன் நம்பிக்கை வரல?" என்றாள் செண்பகவல்லி.

"ஞாயித்துக்கிழமை போனா அம்மா தூங்கி வழியறா. என் பேரே தெரியலை. ஆனா நான் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் கொண்டு போற நாள்ல மட்டும் பளிச்சுனு இருக்கா. ஜூன் ஏழு, இருபத்திரண்டு. ஜூலை ஏழு, இருபத்திரண்டு. நாலு தடவையும் அப்படித்தான். கீரையில ஏதோ சத்து இருக்கு, தினமும் குடுங்கோன்னு மேனேஜர்ட்ட கெஞ்சினேன். சிரிக்கறார்."

"அம்மா தெளிவா இருந்தது கீரை சாப்பிட்ட பொறவா, அதுக்கு முந்தியா?"

ராஜஸ்ரீ யோசித்தாள். "முந்தியேதான். வாசல்ல என்னைப் பார்த்ததுமே, ஏண்டி இப்படி இளைச்சுட்டேன்னு கேட்டா."

"உடம்புல ஏதும் அடையாளம்?"

"மணிக்கட்டுல சிவப்பாக் கோடு. வளை இறுக்கம்னு நர்ஸ் சுமி சொன்னா. அதுவும் அந்தக் கீரை நாள்லதான். மத்த நாள்ல மங்கிப் போயிருக்கும்."

"அம்மாகிட்ட தனியா கேக்கலையா?"

"சுமி கட்டிலை விட்டு நகரவே மாட்டா. அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சுண்டு, ஆத்துக்கு அழைச்சுண்டு போன்னு மட்டும் சொன்னா. பகல்ல ஆள் இல்லாத வீடு, நான் வேலைக்குப் போகணும். அப்புறம் பார்க்கலாம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன், மேடம்."

மகாராஜா துள்ளி எழுந்தார். "அக்கா, கேஸ் தீர்ந்து! அந்த நாலு நாளும் சுமி லீவு. கொடுமைக்காரி இல்லாத நாள்ல அம்மா தெளிஞ்சிருக்காவ!"

"சுமி கட்டில்கிட்டயே நின்னான்னு இவங்க இப்பத்தான சொன்னாங்க?"

மகாராஜா மெதுவாக உட்கார்ந்தார்.

மறுநாள் பிற்பகல், தன் சித்தியைச் சேர்க்க இடம் பார்க்க வந்தவளாகச் செண்பகவல்லி அந்த இல்லத்துக்குப் போனாள். கல்லாறு போகிற சாலையில், பளபளவென்று துடைத்த தரையும் பூந்தொட்டிகளுமாக இருந்தது கற்பகச்சாயை என்ற அந்த இல்லம். கூடத்தில் பதினெட்டுக் கட்டில்கள். பதினேழு பேர் வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். ராஜஸ்ரீயின் அம்மா சாவித்ரி மாமியும் அவர்களில் ஒருத்தி. மூன்று மணிக்கு ஒரு கூடம் இவ்வளவு அமைதியாக இருந்தது செண்பகவல்லிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

விழித்திருந்தவர் ஒருவர்தான். மைதீன் என்ற பழைய கருவாட்டு வியாபாரி, பேப்பர் படித்தபடி பாலில்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு எப்படி, பாய்?"

"எல்லாருக்கும் உள்ளது எனக்கும் உண்டு. பால் மட்டும் ஆவாது, வயித்தக் கலக்கும். காலையில ஒருக்கா, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒருக்கா எல்லாருக்கும் பால் வரும். ஏழு மணிக்கு இந்த வீட்டுல நானும் பல்லியும்தான் முழிச்சிருப்போம்."

"ராத்திரி டூட்டிக்கு எத்தன பேரு?"

"பகலும் ராத்திரியும் ஒருத்திதான்." சுமி வருவதைப் பார்த்ததும் பெரியவர் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது.

மலையாளியான மேனேஜர் அனில் உணவுப் பதிவேட்டைப் பெருமையாகக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் காலை, மதியம், மாலை என்று கட்டங்கள், அவற்றில் டிக். சாவித்ரியின் பெயருக்கு நேரே ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. செண்பகவல்லி சில பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

வெளியே வந்ததும், "முதியோர் இல்லங்களைக் கவனிக்கிற சமூகநீதித் துறை அதிகாரி சிபி சாரை நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு இங்க கூட்டிட்டு வரணும், மகாராஜா. ஒரு பெண் போலீசும் வேணும்" என்றாள்.

"யாருன்னு தெரிஞ்சு போச்சா அக்கா?"

"எதுன்னு தெரிஞ்சு போச்சு."

புதன்கிழமை மாலை பால் தம்ளர்கள் வைத்த தள்ளுவண்டி கூடத்துக்குள் நுழைந்த நேரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அதிகாரி சிபி, பெண் போலீஸ், ராஜஸ்ரீ, மகாராஜா. தம்ளர்களில் கை வைக்க வேண்டாம் என்று சிபி சொன்னதும் சுமி சுவரோடு ஒட்டி நின்றாள். அனில் சிரித்தார்.

"இதெந்தா மேடம்? அம்மைக்கு டிமென்ஷியா. ஒரு நாள் தெளியும், ஒரு நாள் மங்கும். அது அந்த நோயோட ஸ்வபாவம்."

"சரிதான் சார். ஆனா நோய்க்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியாதே" என்றாள் செண்பகவல்லி. "அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இவங்க எதுக்குக் கொண்டு வாராங்க? துவாதசிக்கு. அதுக்கு முந்தின நாள் ஏகாதசி. அன்னைக்கு மாமி தண்ணியத் தவிர ஒண்ணும் தொட மாட்டாங்க. நாலு தேதியும் காலண்டர்ல பாத்துட்டேன். மறுநாள் காலையில கீரை வர்ற வரைக்கும் பாலும் கிடையாது, மூளை தெளிஞ்சிருக்கும்."

ராஜஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். "கடவுளே! அது எங்காத்துல மூச்சு விடற மாதிரி. அதைப் போய்க் கணக்குல வச்சுக்கணும்னே தோணலை."

"அப்ப தூக்க மருந்து கலந்தது சாப்பாட்டுலயா பால்லயா? மைதீன் பாய் எல்லாச் சாப்பாடும் சாப்பிடுதாரு, பால் மட்டும் கிடையாது. அவரு ஒருத்தர்தான் முழிச்சிருக்காரு. பதினெட்டுப் பேரை ஒரு ஆள் பாக்கணும்னா பதினேழு பேரு தூங்கணும். ஏகாதசி ராத்திரி மாமி தூங்கல, எழும்பி நடந்தாங்க. கட்டிலோட சேத்துக் கட்டினீங்க. மறுநாள் கோடு சிவப்பா நிக்கும்."

"கள்ளம்!" அனில் பதிவேட்டை எடுத்து விரித்தார். "பாருங்க, ஜூலை இருபத்தொண்ணு. சோறு உண்டு, பால் உண்டு. அவங்க பட்டினியே கிடக்கல."

"இதக் காட்ட மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள் செண்பகவல்லி. "அன்னைக்கு ஏகாதசி. அம்பது வருஷமா விரதம் இருக்கவங்க சோறு தின்னதா டிக் போட்டிருக்கீங்க. அந்தக் கட்டிலப் பாக்காமயே எழுதினது இது."

பிறகு மாமியின் பெயர் ஒட்டிய தம்ளரை எடுத்து அனிலிடம் நீட்டினாள். "நான் சொன்னது தப்புன்னா குடிச்சிருங்க சார்."

"எனக்கு ஷுகர் உண்டு."

"இது சர்க்கரை போடாத பால். மாமிக்கும் சுகர் உண்டுன்னு உங்க பதிவேட்டுலயே எழுதியிருக்கு."

அனிலின் கை மேலே எழும்பவில்லை. சுமிதான் வாய்விட்டு அழுதாள். "எத்தனை தடவை இவர்ட்ட பறஞ்ஞேன் சாரே, இன்னொரு ஆள் வேணும்னு! தூக்க மாத்திரையைப் பொடிச்சுக் கலக்கச் சொன்னது இவரு. அம்மையைக் கட்டினது நான்தான். என்னை நீங்க விடண்டா, கொண்டு போங்க."

சிபி பதினேழு தம்ளர் பாலையும் முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டார். பெண் போலீஸ் அனிலையும் சுமியையும் வண்டியில் ஏற்றினாள். அரசு மருத்துவர் வந்து ஒவ்வொருவரையும் சோதித்தார். ராஜஸ்ரீ அன்றிரவு தாயின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். தூக்கத்தில் இருந்த தாயிடம் மன்னிப்புக் கேட்டாள்.

வியாழக்கிழமை கற்பகச்சாயை ஒரே சந்தைக்கடையாக இருந்தது. ஒருவர் மூக்குக்கண்ணாடி தேடினார். இரண்டு பேர் ஜன்னலுக்காகச் சண்டை போட்டார்கள். இத்தனை மாதமாகப் பேச ஆளில்லாமல் கிடந்த மைதீன், கட்டிலுக்குக் கட்டில் போய் எல்லோரிடமும் ஊர் விசாரித்தார். மகாராஜா வாசலில் நின்று, தான் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டதாகப் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சாவித்ரி தானே நடந்து ஆபீஸ் அறைக்கு வந்தாள். சிபியிடம் ஒரு மணி நேரம் மலையாளத்தில் வாக்குமூலம் கொடுத்தாள். எந்த ராத்திரி யார் என்ன செய்தார்கள் என்று தேதிவாரியாகச் சொன்னாள். வாய் திறந்தால் மகளை உள்ளேயே விடமாட்டோம் என்று மிரட்டியதையும் சொன்னாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த அறையில் எவருக்கும் அவள் ஞாபகத்தின் மேல் சந்தேகம் மிஞ்சவில்லை.

"அம்மா, நம்மாத்துக்குப் போலாம். பகல்ல துணைக்கு ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றாள் ராஜஸ்ரீ.

"போலாம். முதல்ல ஹரிக்குப் போன் போடு."

மணி அடித்தது. மறுமுனையில், "என்னக்கா, நாளைக்கு அம்மாவை மாடிக்கு மாத்தறா இல்லையா?" என்று கேட்ட குரல் ஸ்பீக்கரில் அறை முழுவதும் ஒலித்தது.

"அம்மாதான் பேசறேன்" என்றாள் சாவித்ரி.

மகள் கையிலிருந்த போனைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"நான் மாடிக்குப் போகலை, ராஜியாத்துக்குப் போறேன். நீ நன்னாயிரு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ ஹரி. இனிமே என்னைப் பத்தி எதுக்காவது சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, என்னைக் கேட்டுட்டுச் சொல்லு."

போனை மகளிடம் கொடுத்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வாசலில் நின்ற ஆட்டோவை நோக்கி நடந்தாள்.