எடுக்காமல் விட்ட டிக்

மாலையில் கதவைத் திறந்ததும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் காதில் முதலில் விழுந்தது கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம்தான். எப்போதும் ஓடுகிற ஃபேன்தான், ஆனால் எப்போதும் ஒரே இரைச்சலாக ஓடும். இன்று அது ஏறியது, உச்சியில் சிக்கி நின்றது, பிறகு மெல்லிய விசிலோடு இழுத்து இழுத்து இறங்கியது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அந்த விசில் அவருக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் நுரையீரல் போய் இறந்த மனைவியின் பக்கத்தில் படுத்து, ராத்திரி ராத்திரியாகக் கேட்ட விசில்.

எங்கோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி இணையம் வழியே அனுப்புவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும் நேரத்தில் அதைப் போட்டுத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, புண்ணியம்தான். மனைவியின் தம்பிதான் வந்து பொருத்திக் கொடுத்தான். எந்தக் கணக்கு வேண்டும் என்று டிக் செய்யலாம் என்றதும், நுரையீரல் நோய்க்கு மருந்து தேடுகிற கணக்கை அவள் டிக் செய்தாள். "எனக்குத்தான் மூச்சு வாங்குது, இதாவது மூச்சு வாங்காம வேலை பாக்கட்டும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே இரைத்தது.

இன்று காலையில் அந்த டிக்கை எடுத்துவிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? இனி மருந்து வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? விண்கல் தேடும் கணக்கை மட்டும் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பகல் முழுக்க, கியர் மாற்றத் தெரியாதவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மவுஸைத் தொட்டார். சத்தம் சட்டென்று நின்றது. அது சரிதான், ஆள் தொட்டால் கணக்கு ஒதுங்கி நிற்கும்படிதான் வைத்திருந்தார்கள். ஆனால் திரையில் ஓடிய வேலைக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, பக்கத்தில் தொண்ணூறு சதவீதம்.

மச்சானுக்குப் போன் போட்டார்.

"அத்தான், அடியில இன்னொரு டிக் இருக்குமே. 'நான் கேட்ட வேலை இல்லன்னா வேற எதை வேணா அனுப்பு'ன்னு. அதை எடுத்தீங்களா?"

"அதைப் பாக்கலையே மச்சான்."

"அப்ப யாருக்கோ வேண்டிய வேலை வந்திருக்கும். பிடிக்கலைன்னா ரத்து பண்ணுங்க, வேற மெஷினுக்குப் போயிடும். எப்படியும் ஒரே கணக்கை ரெண்டு மூணு வீட்டுக்கு அனுப்புவாங்க. விடை ஒத்துப்போற வரைக்கும் விடமாட்டாங்க."

பேச்சுவாக்கில் மவுஸிலிருந்து கையை எடுத்திருந்தார். ஃபேன் ஏறத் தொடங்கியது.

"அத்தான்," மச்சானின் குரல் தாழ்ந்தது. "பின்னாடி யாரு இருமுறது?"

போனை வைத்துவிட்டார். படுக்கையறைப் பக்கமிருந்து வாசனை வந்தது. தைலமும், ஆக்சிஜன் குழாயின் ரப்பரும், வியர்த்து நனைந்த தலையணையும் கலந்த வாசனை. அவள் போனதும் குழாயை அவர்தான் தூக்கி எறிந்திருந்தார். தலையணையையும்.

திறந்திருந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. அவள் படுக்கும் பக்கத்தில் போர்வை மேடிட்டிருந்தது. ஏறியது. சிக்கியது. இறங்கியது.

பயத்தில் மவுஸை இறுகப் பிடித்தார். சத்தம் நின்றது. போர்வை நிற்கவில்லை, நடுங்கியது. பாதி ஏறிய இடத்திலேயே, காற்றுக்குத் தவித்து.

கையைச் சுட்டதுபோல் உதறினார். போர்வை இறங்கியது. பெரிய மூச்சு.

ஐயோ. தொட்டால் அவளுக்கு மூச்சில்லை.

ரத்து பண்ணவும் தொடத்தான் வேண்டும். கடைசி நாட்களில் அவள் கெஞ்சியிருந்தாள், "போதுங்க, என்னை விட்ருங்க." அவருக்கு மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை. அவள் வேண்டும். இப்படியாவது வேண்டும். கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தொண்ணூற்றேழு. விசில் நீண்டது.

தொண்ணூற்றொன்பது.

நூறு.

போர்வை மெல்ல அடங்கியது. ஃபேன் ஓய்ந்தது. வீடு முழுக்க அமைதி. அவர் வாய்விட்டு அழுதார். துக்கம்தான், ஆனால் அவள் வலி முடிந்ததே என்ற நிம்மதியும் அதில் இருந்தது. விடை போய்ச் சேர்ந்தது என்று திரை காட்டியது.

பிறகு, ஒத்துப்போகவில்லை என்று காட்டியது.

கீழே புதிதாக ஒரு வரி. பெயர் இல்லை. பூஜ்ஜியம் சதவீதம். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே. திரை நிறைய.

ஃபேன் ஏறியது.

உள்ளே, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள் போல யாரோ ஒருத்தி காற்றை வாரி இழுத்தாள்.

"ஏங்க..." என்றது அவள் குரல், களைத்து, அழுகையோடு. "மறுபடியுமா?"

தொடுவதா விடுவதா என்று தெரியாமல் அவர் கை மவுஸுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. போர்வைக்குள்ளிருந்து மெலிந்த கை ஒன்று வெளியே வந்து, வேண்டாம் வேண்டாம் என்று அவரைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தது.